சுவர் முந்திக்கொண்டு பேசக்கூடாது: ஆட்டிசம், மனநல மையங்களில் ஓவியம் தீட்டுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் நான் முதன்முதலாக வண்ணம் தீட்டிய சிகிச்சை மையத்தின் நடைவழியில் ஒரு சிங்கம் இருந்தது. ஆறடி உயரம், ஆரஞ்சுப் பிடரி, காதுவரை சிரிப்பு. நிர்வாகிக்கு மிகவும் பிடித்திருந்தது, எனக்கும்தான். மறுநாள் காலை ஏழு வயதுப் பையன் ஒருவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவனுடைய அம்மா என்னை ஓரமாக அழைத்து, "அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். அது அவனையே பார்க்கிறதென்று பயப்படுகிறான்" என்றார். அன்று மாலையே இரண்டு கோட் வெள்ளையடித்து மூடினேன். சிங்கம் போனபிறகும் ஒரு வாரம் அவன் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தான்.

நான் பேனர் வரைந்து கை பழகியவன். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றபிறகுதான் சுவருக்கு மாறினேன். ரோட்டில் போகிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவதுதான் பேனரின் வேலை. சிகிச்சை மையத்துச் சுவருக்கு அந்தப் புத்தி ஆகாது. நம் ஊர்த் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கன் வந்து உட்காரலாம், யாரும் பெயர் கேட்கமாட்டார்கள், பேசத் தோன்றினால் பேசலாம். அப்படி ஒரு திண்ணையைச் சுவரில் எப்படி அமைப்பது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு நாள் சும்மா உட்காருங்கள்

அளவுநாடாவையோ நிற அட்டையையோ எடுத்துப் போகாதீர்கள். காலையில் மையம் திறக்கும்போது போய், மாலையில் பூட்டும்வரை ஒரு மூலையில் இருங்கள்.

பெங்களூரில் இத்தகைய மையங்கள் பல, வாடகைக்கு எடுத்த தனிவீடுகளில் இயங்குகின்றன. முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய வீடு. கார் நிற்க வேண்டிய இடம் காத்திருப்பு அறையாகியிருக்கும். கிரானைட் படி, குறுகிய நடை, பளபளக்கும் தரை ஓடு. முற்பகல் வெயில் அந்த ஓட்டில் பட்டு எந்தச் சுவரில் தெறிக்கிறது என்று பாருங்கள். அந்தச் சுவரில் எதைத் தீட்டினாலும் கண் கூசும்.

குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள், எந்தத் திருப்பத்தில் அம்மாவின் கையை இறுகப் பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறிதல் கையேடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. "மிகையாகவோ குறைவாகவோ" என்பதில்தான் ஓவியனுக்குத் தலைவலி. ஒரே நடைவழியில் ஒரு குழந்தை நிறத்தைக் கண்டு முகத்தைத் திருப்பும். இன்னொன்று சுவரில் மூக்கை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்கும். இருவருக்கும் ஒரே சுவர்.

விளக்கையும் கவனியுங்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியாது. அந்தத் துடிப்பும் ரீங்காரமும் தங்களை வதைப்பதாக ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நிதி குறைவாக இருந்தால் முதலில் விளக்கை மாற்றச் சொல்லுங்கள், ஓவியம் அடுத்த வருடம் ஆகட்டும் என்று நானே இரண்டு இடங்களில் வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கேட்க வேண்டியவர்கள்: சிகிச்சையாளர், பெற்றோர், முடிந்தால் ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவர். கட்டாயமாக, தினமும் அந்தச் சுவரைத் துடைக்கும் அம்மா. எந்த உயரத்தில் கை அழுக்கு படிகிறது, யார் எந்த மூலையில் பெயிண்ட்டைச் சுரண்டுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் படி: எந்தச் சுவரைத் தொடாமல் விடுவது?

வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, எதையும் தீட்டக்கூடாத சுவர்களை முதலில் பென்சிலால் அடித்துவிடுங்கள். வழக்கமான வேலைக்கு நேர்மாறான வரிசைதான்.

பேச்சுப் பயிற்சி அறையில் குழந்தையின் பார்வை சிகிச்சையாளரின் முகத்திலோ மேசையிலோ இருக்க வேண்டும்; அவர் முதுகுக்குப் பின்னால் கிளி பறந்தால் கிளிதான் ஜெயிக்கும். அந்தச் சுவர் வெறுமையாக இருக்கட்டும். புலன்கள் தாங்காமல் உடைந்துபோகும் பிள்ளை போய் அடங்கும் அமைதி அறையிலும் ஓவியம் வேண்டாம். ஒரே மென்நிறம் போதும். ஆலோசனை அறையில் ஒருவர் அழும்போது பார்வையை ஊன்ற ஓர் இடம் தேவைப்படும். அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே, சற்றுப் பக்கவாட்டில், சிறியதாக ஒன்று இருக்கலாம்.

மிச்சம் இருப்பவை வாசல், காத்திருப்பு அறை, நடைவழி, மாடிப்படி. ஓவியத்துக்கு உரிய இடங்கள் இவைதான். ஏனென்றால் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத பயம் இங்கேதான் இருக்கிறது. அங்கேயும் ஓர் அறைக்கு ஒரு சுவர், அந்தச் சுவரிலும் மூன்றில் ஒரு பங்குதான் படம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. நிர்வாகிகள் முகம் சுளிப்பார்கள். கொடுத்த காசுக்கு சுவர் நிறையவேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. வெறும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்குகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: என்ன வரைவது

இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது.

மருத்துவமனைச் சுவர்களுக்கு இயற்கைக் காட்சி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ரோஜர் உல்ரிக் 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அது நிஜ மரம், நிஜ ஜன்னல், அறுவைச் சிகிச்சை நோயாளிகள். என் ஓவியம் யாரையும் குணப்படுத்தும் என்று இதை வைத்துக்கொண்டு நான் சொல்லமாட்டேன். மரம் யாரையும் முறைத்துப் பார்க்காது. எனக்கு அந்தக் காரணமே போதும்.

எந்த மரம் என்பது முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பைன் காட்டையும் பனிமலையையும் எடுத்து ஒட்டாதீர்கள். பிள்ளை வரும் வழியில் பார்த்த மரம் சுவரில் இருந்தால், அது தெரிந்த முகம். பெங்களூருக்குக் குறைவே இல்லை: வருடத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் தபேபுயா, அதையடுத்து ஊதா ஜகரண்டா, ரோட்டின் இருபுறமும் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி மரம். லால்பாக் பூங்காவில் சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய பாறைக்குன்றும், அதன் மேல் கெம்பேகௌடா கோபுரமும் இருக்கின்றன. அந்தக் குன்றின் வளைவை மட்டும் ஒரே நிறத்தில் நடைவழி நெடுக இழுத்தேன். இதுவரை நான் போட்ட கோடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தவிர்க்க வேண்டியவை கொஞ்சம் நீளம்.

கண்கள். நேராகப் பார்க்கும் எந்த முகமும் வேண்டாம். ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே பாரம். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அச்சத்தோடு மனநல மையத்துக்கு வருபவருக்குச் சுவரில் இரண்டு கண்கள் என்னவாகத் தெரியும்? பறவை வேண்டுமென்றால் பக்கவாட்டில், அல்லது பறந்து போகிற முதுகு.

இதுவா அதுவா என்று குழப்பும் உருவங்கள், சுழல்கள், உடைந்த வடிவங்கள். கலைக்கூடத்தில் அழகாக இருக்கலாம். மனம் கலங்கிய நிலையில் ஒருவர் அதற்குள் எதை வேண்டுமானாலும் காண்பார். பொய்க்கதவு, பொய்ஜன்னல், தரையில் குழி போலத் தோன்றும் முப்பரிமாண வித்தை எதுவும் கூடாது. தனியாக முதுகு காட்டி நிற்கும் மனிதன், பாலம், பாறை விளிம்பு, ஆழமான நீர் ஆகியவற்றை வரைவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்பார்.

நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகள், சதுரங்கக் கட்டங்கள். பொதுமக்களைவிட ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு அதிகமாகக் காணப்படுகிறது. பட்டைபட்டையான கோடுகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டவும் கூடும்.

புதிர் விளையாட்டின் துண்டு. ஆட்டிசம் என்றதும் எல்லோரும் இதைத்தான் வரையச் சொல்வார்கள். 1963இல் பிரிட்டனில் பெற்றோர் நடத்திய அமைப்பு ஒன்று அதை அடையாளச் சின்னமாக எடுத்தது. ஏதோ ஒரு துண்டு குறைந்தவர்கள் என்று தங்களைக் காட்டுவதால் ஆட்டிசம் உள்ள பலர் அதை இன்று வெறுக்கிறார்கள்.

பொன்மொழிகள். "கவலையை விடு, சிரி" என்று எழுதித் தரச் சொன்ன ஒரு மனநல மையத்தில் நான் மறுத்துவிட்டேன். சிரிக்க முடிந்திருந்தால் அவர் ஏன் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரப்போகிறார்? அதோடு, பெரியவர்கள் வரும் மனநலப் பிரிவில் பலூனும் கரடிக்குட்டியும் போட்டு அவர்களைக் குழந்தையாக்காதீர்கள். ஐம்பது வயது மனிதருக்கு அது அவமானம்.

எழுத்து தேவையென்றால் வழிகாட்டப் பயன்படுத்துங்கள். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குத் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரின் எந்தக் காத்திருப்பு அறையிலும் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் கலந்துதான் காதில் விழும். ஐந்து மொழியில் எழுதினால் சுவர் ரேஷன் கடைப் பலகையாகிவிடும். கன்னடத்தில் பெயர், பக்கத்தில் ஒரு படம். பேச்சுப் பயிற்சி அறைக்குக் கிளி, உடல் இயக்கப் பயிற்சி அறைக்கு ஊஞ்சல், கழிவறைக்குக் குழாய். அதே படம் வாசலில் ஒருமுறை, நடைவழியில் ஒருமுறை, கதவில் ஒருமுறை. மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். கிளியின் வால் ஓரிடத்தில் நீளமாக இருந்தால் அது வேறு கிளி என்று சொல்லும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அனுபவித்தே சொல்கிறேன். ரயில் பைத்தியமான பிள்ளைகளுக்காக ஒரு மையத்தில் பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ஊதா வழித்தட ரயிலைத் தீட்டினேன். ஒரு பெட்டிக்குப் பக்கத்துக்கு நான்கு கதவுகள். நான் இடம் போதாமல் மூன்று போட்டிருந்தேன். அதிகம் பேசாத பத்து வயதுப் பெண் என் சட்டையை இழுத்து, நான்கு விரல்களைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போய்த் திருத்திவிட்டு வந்தேன்.

கோலம் பற்றி ஒரு வார்த்தை. சிக்குக் கோலத்தை விரலால் தொடர்ந்து போவது சில பிள்ளைகளுக்கு நிம்மதி தருகிறது; தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் கோடு அது. பெரிய படிக்கோலம் கண்ணைக் குழப்பும். ஐந்து புள்ளி, ஒற்றைக் கம்பி, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், தொட்டால் லேசாகத் தட்டுப்படும்படி, சுவரை நிரவப் பூசும் பட்டியில் கோடு எழுப்பிச் செய்யுங்கள். சுவரின் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தி போதும். பார்க்க விரும்பாதவர் கண்ணில் அது படவே படாது.

நான்காம் படி: நிறம்

நீலம் அமைதி, பச்சை நிம்மதி, சிவப்பு கோபம் என்ற பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். 1979இல் அமெரிக்காவில் சியாட்டிலின் கடற்படைச் சிறை அறை ஒன்றை இளஞ்சிவப்பாக மாற்றினார்கள். கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்று புகழ் பரவியது. பின்னால் செய்த சோதனைகளில் அந்த விளைவு நிலைக்கவில்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் மற்றவர்களைவிட மஞ்சளைக் குறைவாகவும் பச்சை, பழுப்பு நிறங்களை அதிகமாகவும் விரும்பினர். பங்கேற்றவர்கள் சிலரே. மஞ்சளைத் தடைசெய்ய அது போதாது. பளிச்சென்ற மஞ்சளை நான்கு சுவரிலும் அடிக்காமல் இருக்கப் போதும்.

நான் பார்ப்பது நிறத்தின் பெயரைவிட அதன் அழுத்தத்தை. நிற அட்டைகளில் ஒளி எதிரொளிப்பு எண் ஒன்று இருக்கும். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காகக் கதவுக்கும் சுவருக்கும் இடையே 30 புள்ளி வேறுபாடு வைக்கச் சொல்வது பிரிட்டிஷ் கட்டட வழிமுறை. நான் அந்தக் கணக்கைப் பிரித்துக்கொண்டேன்: கதவுச்சட்டம், படி விளிம்பு, கழிவறைக் கதவு இவற்றுக்கு 30க்கு மேல், ஓவியத்துக்குள் ஒட்டி வரும் நிறங்களுக்கு 20க்குள். அப்போது கதவு கண்ணில் படும், படம் பின்னால் நிற்கும். சந்தனம், நனைந்த மண், வாழைக்குருத்து, மழைமேகச் சாம்பல், மங்கிய இண்டிகோ என்று ஐந்து நிறத்துக்கு மேல் நான் ஒரு மையத்துக்கு எடுத்துப் போவதில்லை.

ஐந்தாம் படி: தாளில் ஒட்டிக் காத்திருங்கள்

முடிவான வரைவை உண்மை அளவில் பழுப்புத் தாளில் தீட்டி, அதே இடத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில் நீங்களும் மண்டியிட்டுப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தையின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடிதான். சிங்கம் விஷயத்தில் இந்த ஒரு வாரத்தைச் செய்திருந்தால் ஒரு பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

யாராவது கிழித்தால் திட்டாதீர்கள். எந்த இடத்தைக் கிழித்தார்கள் என்று பாருங்கள்.

ஆறாம் படி: சுவரும் பெயிண்ட்டும்

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி முதலில். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் மையங்களுக்கு, சுவரில் தீட்டாமல் பலகையில் தீட்டி முனையெல்லாம் உருட்டித் தேய்த்து, சுவரோடு ஒட்டப் பதித்துத் தருகிறேன். வீடு மாறினால் கழற்றிப் போகலாம். மனநலப் பிரிவுகளில் பலகை என்ற பேச்சே வேண்டாம். கொக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, பெயர்த்தெடுக்கக்கூடிய சட்டம் எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

ஓதம் ஏறிய சுவரில் தீட்டினால் ஆறு மாதத்தில் உப்புப் பூத்து உரியும். பெங்களூரில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரை ஒட்டி. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஜன்னலைத் திறந்தும் வைக்கலாம். புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது காயவிடுங்கள். உரிந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தண்ணீரில் கலக்கும் பிரைமர் ஒரு கோட். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் ஊர் பெயிண்டருக்கே தெரியும்.

பழைய வீடானால் மட்டும் ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்தைய எனாமல் அடித்த கதவு, கிரில், ஜன்னல்களை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். இந்த மையங்களுக்கு வரும் சில பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பையும் பெயிண்ட்டையும் வாயில் வைக்கும் பழக்கம் உண்டு. ஈயம் மூளையைத் தாக்கும். ஈரத்துணி, முகக்கவசம், பிள்ளைகள் இல்லாத நாள்.

தீட்டுவதற்கு, ஈயம் சேர்க்கவில்லை என்றும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் குறைவு என்றும் டப்பாவில் அச்சிட்ட தண்ணீர் எமல்ஷன். மினுக்கம் கூடாது, மேட் வகை மட்டும். துடைக்க வசதியாக மேலே ஒரு கோட் தண்ணீர் வார்னிஷ், அதுவும் மேட். பளபளக்கும் வார்னிஷ் அடித்தால் இதுவரை யோசித்த அத்தனையையும் டியூப் லைட் ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடும். அளவுக்கு, இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு நூறு சதுர அடி என்று வைத்துக்கொண்டால் பற்றாக்குறை வராது.

ஏழாம் படி: தீட்டும் நாட்கள்

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திங்கட்கிழமை சுவர் மாறியிருக்கக்கூடாது. இரண்டு வாரம் முன்பே அட்டைகள் தயார் செய்யுங்கள்: இப்போதைய சுவரின் படம், சாரத்தில் நிற்கும் என் படம், முடிந்தபின் வரப்போகும் சுவரின் படம். சிகிச்சையாளர்கள் அதைப் பிள்ளைகளிடம் தினமும் காட்டுவார்கள். அட்டையில் இருந்த அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் வேலைக்குப் போவேன்.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிக்கும்படி சுவரைப் பகுதிகளாகப் பிரியுங்கள். வாசனை குறைந்த பெயிண்ட்டுக்கும் வாசனை உண்டு. ஞாயிறு இரவு முழுதும் காற்றாடட்டும். உருவத்தைச் சுவருக்கு ஏற்ற, புரொஜெக்டரைவிட எனக்குப் பேனர் காலத்துக் கட்டமுறையே வசதி. ரசமட்டம் வைத்து நூல் அடித்து, ஓரடிக் கட்டம் கட்டினால் கை தானாகப் போகும்.

பிள்ளைகளையும் நோயாளிகளையும் தீட்ட அழைக்கலாமா என்று கேட்பார்கள். அழைக்கலாம், திணிக்கக்கூடாது. ஒருவர் ரோலர் பிடிப்பார், ஒருவர் நிறம் கலப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் சேர்ந்து செய்ததாகவே கணக்கு. அவர்களைப் படமெடுத்து ஊடகங்களுக்குத் தராதீர்கள். சிகிச்சையில் இருப்பவரின் ஒப்புதலின்றி அவர் படத்தை ஊடகத்துக்கு அளிப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. சமூக ஊடகத்துக்கும் அதே கட்டுப்பாட்டை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். சுவரை மட்டும் எடுங்கள்.

எட்டாம் படி: ஒப்படைத்த பிறகு

ஒரு மாதம் கழித்துப் போய் இன்னொரு நாள் உட்காருங்கள். கோலக்கோட்டில் விரல் அழுக்கு படிந்திருந்தால் வேலை சரி. ஏதோ ஒரு பூவை மட்டும் யாரோ தினமும் நகத்தால் சுரண்டினால், அந்தப் பூவை எடுத்துவிடலாமா, அதே இடத்தில் சுரண்டுவதற்கென்றே சொரசொரப்பாக ஒன்று வைக்கலாமா என்று சிகிச்சையாளரிடம் பேசுங்கள். மாற்றுவதென்றால் மறுபடியும் அட்டைகள்.

மிச்சமான ஐந்து நிறத்தையும் சின்ன டப்பாக்களில் அடைத்து, எந்தச் சுவரின் எந்த இடம் என்று மேலே எழுதி, துடைக்கும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அலுவலக அலமாரியில் வைத்தால் இரண்டே மாதத்தில் காணாமல் போகும். அரையங்குலத் தூரிகையும் ஒன்று சேர்த்து. போன முறை லால்பாக் குன்றில் அடிபட்டிருந்த ஒரு மூலையை அவர் சரிசெய்திருந்தார்; எந்த மூலை என்று அவர் காட்டும்வரை எனக்குத் தெரியவில்லை.